நூல் தேடி வந்த ஜீப்

செல்லக்கண்ணு கடைசியாகக் கேட்டது பஸ் நேரம்தான்.

"ஏழு பத்து வந்துருச்சாண்ணே?"

அண்ணன் அங்கமுத்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய எச்சில். பேச முடியாமல் முதலில் ஏழு விரலைக் காட்டினார், பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஏழு பத்து வண்டி ஏழு பத்துக்குத்தான் வரும், அதற்கு முன்னால் வராது என்று அதற்குப் பொருள். மூன்று வாரமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனான். வண்டி ஏழு பன்னிரண்டுக்கு வந்தது. இரண்டு நிமிடம் தாமதம் என்று அங்கமுத்து மனதுக்குள் குறித்துக்கொண்டார். தம்பி சிரித்துவிட்டான், இனிமேல் சரியாகிவிடும் என்றும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை செல்லக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனாகவே தேடிக்கொண்ட சாவு என்று போலீஸ் ஒரு வரியில் எழுதி முடித்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதம். அவனுக்கு இருபத்தொன்பது வயது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஆறாவது மைலில் அவர்கள் ஊர். அங்கமுத்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் அந்த டவுனின் நேரம் முழுக்க அவருடைய விசிலுக்குள்தான் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவர் நேரத்துக்கு முன்னால் கிளப்பியதில்லை. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை டயரில் வைத்துவிட்டு டிரைவர்கள் அவசரப்படுத்தினாலும், "நேரம் ஆவுட்டும்" என்பார்.

தம்பிக்கு ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. அவனுக்கு இரண்டு பருவம் உண்டு. வீட்டில் அதை ஏற்றம், இறக்கம் என்றார்கள். ஏற்றம் வந்தால் தூங்கமாட்டான். பத்து ஆள் வேலையை ஒருவனே செய்வான். தெருவில் போகிற எல்லாருக்கும் கல்யாணம் செய்துவைப்பதாக வாக்குக் கொடுப்பான். இறக்கம் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், குறி கேட்டார்கள். தாயத்துக் கட்டியபோது ஏற்றம் வந்தது, அவிழ்த்தபோது இறக்கம் வந்தது, அவ்வளவுதான்.

கடைசி ஏற்றத்தில் அவன் பெரம்பலூருக்கு ரயில் விடுவது என்று முடிவு செய்தான்.

"அரியலூர் வரைக்கும் ரயிலு வருதுல்ல? அங்கேருந்து இங்க இருவது மைலு. நடுவுல மலை இருக்கா, கடலு இருக்கா? யாரும் கேக்கல, அதான் வரல" என்றான்.

கூடை கூடையாகச் சுண்ணாம்புத் தூளைச் சுமந்து வந்து, கரம்பு நிலத்தில் ஒன்றரை மைல் தூரத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடு போட்டான். கோணல் இல்லாத கோடு. காலனிக்குப் பின்னால் ஒரு கட்டம் போட்டு, ஜங்ஷன் என்று எழுதினான். தங்கச்சி கலியம்மாளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளை எழுத வைத்து ரயில்வே அதிகாரிகளுக்கு நாற்பத்தொரு மனு அனுப்பினான்.

முப்பத்தேழாவது மனுவில், வருகிற ரயில் எங்கும் நிற்க வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே இருந்தால் போதும், தானும் தூங்குவதில்லை என்பதால் ராப்பகலாகக் கொடி காட்ட முடியும் என்று கேட்டிருந்தான். அதைப் படித்த யாரோ ஒரு குமாஸ்தா, 'மருத்துவக் கவனத்துக்கு' என்று ஓரத்தில் எழுதினார். மனு ஏழு ஆபீஸ் சுற்றி, எட்டாவதாக, சென்னையில் இருந்த மனநிலை மரபணு தேடுதல் நிலையம் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்தொரு மனுவில் பலன் கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஜீப் வந்தது.

முன்னால் 'தேடுதல்' என்று பலகை கட்டியிருந்ததால், ஊரில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பேர் பானையைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜீப்பிலிருந்து நிலையத்தின் இயக்குநர் இறங்கினார். கோட்டு போட்டிருந்தார். பின்னால் ஆய்வு உதவியாளர் ராசாங்கம், கையில் ஒரு கட்டு படிவத்தோடு. அதற்கும் பின்னால் ரத்தம் எடுக்கிற நர்ஸ் கொளஞ்சியம்மாள், கையில் பெட்டியோடு.

"செல்லக்கண்ணு யாரு?"

"எந்தம்பிங்க. இறந்துட்டாங்க. இன்னிக்குத்தான் காரியம்" என்றார் அங்கமுத்து. மொட்டையடித்த தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்போ?"

"பதினாறு நாளாச்சுங்க."

"ரத்தம் ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. தோணலீங்க" என்றார் அங்கமுத்து. உண்மையிலேயே தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

"ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார் இயக்குநர். "பரவால்ல, பதட்டப்படாதீங்க. மத்தவங்க இருக்கீங்க இல்ல?"

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சின்ன அண்ணன் செத்த அன்றிலிருந்து கலியம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. தலை வாரவில்லை. செல்லக்கண்ணு படுக்கிற அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். போன வருஷம் அவளும் நாலு மாதம் தூங்காமல் பாடிக்கொண்டிருந்தவள்தான். அங்கமுத்துவின் பெண்சாதி குஞ்சம்மாள் அவளை விட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதற்காக நகராமல் இருக்கிறாள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இயக்குநர் முகம் மலர்ந்தது. "ஒரே வீட்டில் ரெண்டா!"

ராசாங்கம் அங்கமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள்."

அங்கமுத்துவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "சார், தம்பிதான் போயிட்டான். இந்தப் புள்ளைக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்குங்களா?"

இயக்குநர் சாவு வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மனுஷ உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்கிறது. அந்த நூலில் எங்கேயோ ஒரு முடிச்சு. அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும். அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் நிலையத்தின் வேலை.

"கண்டுபுடிச்சா அவுத்துடுவீங்களா சார்?"

"அவிழ்க்கறது வேற துறை."

"அதுவரைக்கும் மாத்திரை?"

"அதுவும் வேற துறை. நாங்க காரணத்தைப் பாக்கறவங்க. காரியத்தைப் பாக்கறவங்க வேற. ஆனா ஒண்ணு, மூணு தடவை ரத்தம் எடுக்கற வரைக்கும் எந்த வைத்தியமும் பண்ணக் கூடாது. மருந்து பட்டா ரத்தத்தோட இயல்பு கெட்டுடும். மூணாவது ரத்தம் குடுத்த மறுநாளே மாத்திரைக்கு நானே எழுதறேன்."

அங்கமுத்து கையெழுத்துப் போட்டார். அவர் கைக்கு எட்டிய கயிறு அந்த நேரத்தில் அது ஒன்றுதான்.

ராசாங்கம் பெரிய தாளை விரித்துக் குடும்ப மரம் வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே மை பூச வேண்டும். செத்திருந்தால் குறுக்கே கோடு.

"அப்பா?"

"அறுவத்தொம்பதுல தவறிட்டாருங்க."

"உடம்பு எங்க?"

"எரிச்சு, கொள்ளிடத்துல கரைச்சோமுங்க. திருமழபாடியில."

தற்போதைய முகவரி என்ற இடத்தில், கொள்ளிடம், திருமழபாடி என்று எழுதிக்கொண்டார். "அம்மா?"

"அப்பாவோட அக்கா மவ."

ராசாங்கத்தின் பேனா நின்றது. "அப்போ அப்பாவோட அக்கா…"

"அப்பாவுக்கு மாமியாருங்க. எங்களுக்கு அம்மாயி. அத்தையும் அவங்கதாங்க."

"அவங்க புருஷன்?"

"அவரு அவங்களுக்குத் தாய்மாமன்."

ஒரு மணி நேரம் கழித்து ராசாங்கம் தாளைத் தூக்கிப் பார்த்தார். ஒரே ஆள் நாலு இடத்தில் வந்தார். கீழே போன கோடெல்லாம் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. "சார், இது மரமா வரல. மீன் வலை மாதிரி வருது."

"வளரட்டும்" என்றார் இயக்குநர். "நமக்குப் பெரிய குடும்பம் வேணும். வெளிநாட்டுல நூறு பேர் இருக்கற குடும்பம் வெச்சிருக்காங்க. சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிடுங்க. ரத்தம் குடுக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர்."

இதைச் சொன்னது காலை பதினோரு மணிக்கு. மதியத்துக்குள் அங்கமுத்துவுக்குச் சொந்தம் பெருக ஆரம்பித்தது.

காலனியில் எல்லாரும் வந்தார்கள். அது நியாயம், ஒருவரை ஒருவர் மாமா, சித்தப்பா, அத்தை என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். யாரைக் கேட்டாலும், "அங்கமுத்து எனக்கு மாமன் மொவன் சார்" என்றார்கள், கூச்சமே இல்லாமல். பக்கத்து ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை ஏழு பத்து பஸ்ஸின் கண்டக்டரும் இறங்கி வந்து, தன்னைப் பங்காளி என்று பதிந்துகொண்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு ஏறினார். அன்று அந்த வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.

இரண்டாம் நாள் ஒரு புதுமை நடந்தது. ஊர்த்தெருவில் இருந்தவர்கள் கொல்லைப் பக்கமாக ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அந்த ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்கு வெளியே ஆணியில் தனி கிளாஸ் தொங்கும். உள்ளே இருக்கிற கிளாஸைத் தொட்டுவிட்டார் என்று அங்கமுத்துவின் அப்பாவை ஒரு காலத்தில் மரத்தில் கட்டிவைத்தவர்களின் பிள்ளைகள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ராசாங்கத்தின் முன்னால் நின்றார்கள்.

"இவங்களுக்கு என்ன உறவு?"

"ஒண்ணுவுட்ட அண்ணன் தம்பி சார். கொஞ்சம் மொள்ள எழுதுங்க."

"ஒண்ணுவிட்டதுன்னா?"

"அட, ரத்தந்தான் சார். எழுதிக்கங்க. டம்ளரு பெருசா சின்னதா?"

அங்கமுத்து டம்ளரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் கலியம்மாளின் மாத்திரை தள்ளிப்போகுமோ என்று பயம். மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்கெடுத்தபோது குடும்பத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இயக்குநரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உலகத்திலேயே பெரிய சோகக் குடும்பம், ராசாங்கம்!"

டம்ளர் வாங்கிய ஊர்த்தெருக்காரர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சிலர் இரண்டு தடவை கழுவினார்கள்.

ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சந்தோஷமான குடும்பமும் வேண்டுமாம். மூன்று தலைமுறையாக யாருமே வருத்தப்படாத குடும்பம். அதைக் காலனியில் தேட வேண்டாம் என்று ஜீப் டிரைவரே சொல்லிவிட்டார். தாலுகா முழுக்கத் தேடி, ஊர்த்தெரு பெரியசாமி வீட்டைப் பிடித்தார்கள். நாற்பது ஏக்கர், இரண்டு பம்புசெட், மாடி வீடு. சந்தோஷமாக இருப்பதற்கு உரிய சான்றிதழை மணியக்காரர் பரிந்துரைக்க, தாசில்தார் முத்திரை வைத்துக் கொடுத்தார். 'மேற்படி குடும்பத்தார் எனக்குத் தெரிந்தவரை மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இச்சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும்.'

சான்றிதழ் வந்த மறுநாள் பெரியசாமியின் சினை எருமை செத்துப்போனது. அவர் வாசலில் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டபோது ராசாங்கம் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஐயா, அழுதுடாதீங்க! ரத்தம் இன்னும் எடுக்கல!"

"எரும செத்துப்போச்சுய்யா!"

"அரசாங்கம் சான்றிதழ் குடுத்திருக்கு. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க. வெள்ளிக்கிழமை எடுத்துடறோம். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழுங்க."

பெரியசாமி இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தார். வெள்ளிக்கிழமை நர்ஸ் ஊசியை உருவியதும் விட்ட ஒப்பாரி ரோடு வரைக்கும் கேட்டது. அது படிவத்தில் ஏறவில்லை. ஊசி வெளியே வந்துவிட்டது அல்லவா.

இரண்டாவது ரத்தம் பங்குனியில் எடுத்தார்கள். கலியம்மாள் அதற்குள் பாதியாகியிருந்தாள். குஞ்சம்மாள் மடியில் தலையை வைத்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினால் நாலு வாய் இறங்கும். நர்ஸ் கொளஞ்சியம்மாள் அவள் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள். குத்தும்போது கலியம்மாள் முகம் சுளிக்கவில்லை. கொளஞ்சியம்மாள்தான் சுளித்தாள்.

ரத்தம் சென்னைக்கு ஐஸில் போக வேண்டும். பெரம்பலூரில் ரயில் இல்லை, ஆகவே பஸ். நீலப் பெயிண்ட் அடித்த மரப்பெட்டியில் மரத்தூளும் ஐஸும் வைத்து அடைத்து, பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குத் திருமழபாடியில் நந்தி கல்யாணம். குச்சி ஐஸ் விற்கிற அமாவாசையும் தன் சரக்கை ஒரு பெட்டியில் அடைத்து, அதே திண்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தப் பெட்டியும் நீலம். கூட்டத்தில் ஏற்றியவர்கள் ஒன்றை வடக்கே போகிற வண்டியிலும் இன்னொன்றைத் தெற்கே போகிற வண்டியிலும் ஏற்றினார்கள். அங்கமுத்து இரண்டு வண்டிக்கும் சரியான நேரத்துக்கு விசில் கொடுத்தார்.

மறுநாள் காலை அமாவாசை வந்து நின்றார்.

"ஏண்ணே, இது நல்லாருக்கா? திருநாக் கூட்டத்துல பொட்டியத் தொறந்தா அம்புட்டும் ரத்தம்! ஒரு பொம்பள மயக்கம் போட்டு வுழுந்துருச்சு. சாமியாடறவன் ஒருத்தன் எனக்குக் குடுறாங்கறான்!"

அங்கமுத்து வாயிலிருந்த விசிலை எடுத்தார். "அப்ப உன் ஐஸு?"

"மெட்ராஸு போயிருக்கும். நூறு ரோஸு ஐஸு, நூறு சேமியா ஐஸு."

அங்கமுத்து நேராக ராசாங்கத்திடம் ஓடினார். ராசாங்கம் பயணியர் விடுதியில் மீன் வலைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுத்து மூலமா குடுங்க" என்றார். அங்கமுத்து எழுதிக் கொடுத்தார். அது தபாலில் பதிவாகி, ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. நிலையத்துக்கு வந்து சேர்ந்த பொருள் நிலையத்தின் பொருளே.'

பதினைந்தாம் நாள் செய்தித்தாளில் வந்துவிட்டது. சோகத்தின் மரபணு கண்டுபிடிப்பு. இளஞ்சிவப்பு நிறத் திரவத்தில், நுண்ணோக்கி இல்லாமல் வெறும் கண்ணுக்கே தெரிகிற வெள்ளை நூல்கள். மேலும் அந்தக் குடும்பத்தாருக்குச் சர்க்கரையும் அளவுக்கு மீறி இருக்கிறது.

விழா பெரம்பலூரிலேயே நடந்தது. பந்தல், மைக் செட், பொன்னாடை. மேடையில் ஒரு கண்ணாடிச் சீசாவில் தண்ணீர், அதில் மிதக்கும் நூல்கள், அதன் கழுத்தில் ஒரு ரோஜா மாலை. பக்கத்தில் செல்லக்கண்ணுவின் போட்டோ. அதற்கு மாலை இல்லை. ஒரு மாலைக்குத்தான் அனுமதி வந்திருந்தது.

இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! மனிதன் ஏன் வருந்துகிறான்? பசியால் என்பார்கள். அவமானத்தால் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்ததால் என்பார்கள். இவையெல்லாம் வெளிக்காரணங்கள். இவற்றை நீக்குவதற்குப் பெரும் செலவு பிடிக்கும். வருத்தம் உள்ளே நூலாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால், யோசித்துப் பாருங்கள், அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்!"

கைதட்டல். முன்வரிசையில் இருந்த தாசில்தார் பலமாகத் தட்டினார்.

"எங்கள் நிலையம் தொடங்கி ஆறு ஆண்டுகளாகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு நோயாளியைக்கூட நாங்கள் குணப்படுத்தியதில்லை. அப்படிப்பட்ட சபலங்களுக்கு நாங்கள் இடம் கொடுத்ததே இல்லை. இன்று செல்லக்கண்ணு நம்மிடையே இல்லை. ஆனால் அவருடைய நூல் இருக்கிறது! சாகாததைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு துறை இருக்கிறது."

அங்கமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் அவர் உயரத்துக்கு இல்லை. எக்கி நின்று பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எந்தங்கச்சி பத்து மாசமா கஞ்சித் தண்ணியோட கெடக்குதுங்க. நூலு கெடச்சுருச்சுன்னு சார் சொல்றாரு. ரொம்ப சந்தோசமுங்க. இனிமே மாத்திரை குடுக்கலாமுங்களா?"

இயக்குநர் புன்னகையோடு மைக்கை வாங்கினார். "அன்புச் சகோதரரின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். மூன்றாவது ரத்தம் வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரை பொறுமை."

இதற்கும் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால், சோடா பெட்டிகளுக்கு நடுவே, நர்ஸ் கொளஞ்சியம்மாள் அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. இதுக்கு மாத்திரை இருக்கு."

"எங்கம்மா?"

"திருச்சி பெரியாஸ்பத்திரில. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம தராங்க. துட்டு கெடையாது. கண்டுபுடிச்சு எத்தனையோ வருசம் ஆச்சு."

"எத்தனையோ வருசமாவா?"

"ஆமாண்ணே. நான் டிரெயினிங் படிக்கறப்பவே இருந்துச்சு. அது ஒரு வகை உப்பு. கல்லுலேருந்து எடுக்கறதுதான். மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்துப் பாத்துக் குடுப்பாங்க. அந்த ரத்தம் வேறண்ணே. அது அவங்களுக்காக எடுக்கறது."

அங்கமுத்து பொன்னாடையோடு நின்றார். திருச்சிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அத்தனை வண்டிக்கும் பத்தொன்பது வருஷமாக விசில் ஊதியவர் அவர்தான். தம்பி வருஷம் முழுக்கக் கல்லுடைத்தவன். 'சொல்லியிருந்தா ஒரு டிக்கெட்டு' என்று மட்டும் நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் குஞ்சம்மாளும் அவரும் கலியம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தார்கள். திருச்சி வண்டி எட்டே காலுக்கு. இரண்டு பேரையும் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, அங்கமுத்து தன் இடத்தில் நின்றார். எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஊருக்குப் போய் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிய ஜீப் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது.

"அங்கமுத்து!" இயக்குநர் இறங்கி ஓடிவந்தார். "இன்னிக்கு ரத்தம்! அந்தப் பொண்ணு எங்க?"

அங்கமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பத்தொன்பது வருஷம் இருந்தது. விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

டிரைவர் தலையை நீட்டினார். "என்ன மாமா, நேரம் ஆவலியே?"

"ஆயிருச்சு. எட்றா வண்டிய!"

வண்டி கிளம்பியது. ஜன்னலில் குஞ்சம்மாளின் தோளில் சாய்ந்திருந்த கலியம்மாளின் தலை போவதை இயக்குநர் பார்த்தார். கையில் ஊசிப் பெட்டியோடு நின்ற கொளஞ்சியம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஒரு வருஷ உழைப்பு!"

அங்கமுத்து சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். "எங்கிட்ட எடுத்துக்கங்க சார்."

"உங்ககிட்டதான் நோய் இல்லியே."

"தெரியலீங்க. ஒரு வருசமா எனக்கும் தூக்கம் புடிக்கலீங்க. சோறு எறங்கலீங்க. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தா நல்லாருக்குதுங்க."

ராசாங்கம் ஆவலாகப் படிவத்தை எடுத்தார். "காரணம் ஏதாவது உண்டா?"

"தம்பி செத்துட்டாங்க."

ராசாங்கம் படிவத்தை மடித்துவிட்டார். "காரணம் இருந்தா எடுக்க மாட்டோம். காரணமில்லாத வருத்தம்தான் நம்ம திட்டத்துல வரும்."

ஜீப் போய்விட்டது. அங்கமுத்து பதிவேட்டில் திருச்சி வண்டிக்கு நேராக எட்டு பன்னிரண்டு என்று எழுதினார். மூன்று நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு பஸ் முதலாளியிடமிருந்து ஓலை வந்தது. 'நேரம் ஆகிவிட்டது' என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

கலியம்மாளுக்கு மாத்திரை உடனே பிடிக்கவில்லை. கை நடுங்கியது, தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள். செவ்வாய்க்கிழமைகள் போயின. ஐந்தாவது மாதம் ஒருநாள், "இது என்னா ரசமா, கழனித் தண்ணியா?" என்று அண்ணியைக் கேட்டாள். குஞ்சம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து அந்த ரசத்தையே மறுபடி ஊற்றினாள்.

நிலையம் கனமான அட்டை போட்டுப் புத்தகம் வெளியிட்டது. அதில் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே குடும்பமாக, ஒரே வலையாக அச்சாகியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், குடும்பத்தாரின் ஒத்துழைப்பின்மையால் மூன்றாம் கட்டம் கைவிடப்பட்டது என்று இருந்தது. டீக்கடையில் ஆணியில் அந்தத் தனி கிளாஸ் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

எண்பத்தாறில் செல்லக்கண்ணு பெயருக்கு ரயில்வேயிலிருந்து ஒரு தபால் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' கலியம்மாள் அதைப் படித்துவிட்டு, மனுக்களின் நகல்களோடு தகரப்பெட்டியில் வைத்தாள். கரம்பில் போட்ட கோட்டை அதற்குள் மூன்று மழைக்காலம் கழுவிவிட்டிருந்தது. அவள் எப்போதாவது அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போனால், கோடு இருந்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள்.

வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் அங்கமுத்துவிடம் கேட்பார்கள்: "ஏங்க, இங்க ரயில்வே ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வார்: "ரயிலு இன்னும் வரலீங்க."

இன்னும் வரவில்லை.